இடது கை சுண்டுவிரல்

இந்தப் போட்டோவுல இருக்கற அம்மா கேமராவ ஏன் பாக்கலையா? எல்லாரும் இதத்தாங்க சார் கேக்குறாங்க. போன மாசம் மெட்ராஸ்லேருந்து வந்த மேடமும் இதையேதான் கேட்டாங்க. எடுத்தது நான்தான். மொத்தம் பதினாலு படம் எடுத்தேன். "இந்தப் பக்கம் பாரும்மா, இந்தப் பக்கம் பாரும்மா"ன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன். ஒண்ணுலகூடப் பாக்கல. பதினாலுலயும் தன் விரலையே பாத்துக்கிட்டிருக்கா. அதுல இதுதான் கொஞ்சம் சுமாரு. வேலையில கண்ணா இருக்கற மாதிரி இருக்குன்னு முதலாளி இதையே பெருசு பண்ணி கண்ணாடி போட்டு மாட்டிட்டாரு.

உக்காருங்க சார். முதலாளி வர்றதுக்கு இன்னும் அரை மணி ஆவும். தர்மபுரி பக்கமாமே நீங்க? இதே மாதிரி ட்ரெய்னிங் சென்டர் ஒண்ணு அங்க ஆரம்பிக்கப் போறீங்கன்னு சொன்னாரு. நல்லது. அப்ப இந்தம்மா கதையத் தெரிஞ்சுக்கறது உங்களுக்கும் நல்லதுதான்.

போட்டோவுக்குக் கீழ கேடயம் இருக்கு பாருங்க. என்னா எழுதியிருக்கு? "நூறு சதவீதம் கைரேகை வருகைப்பதிவு." மாவட்டத்துலயே நாங்க ஒருத்தர்தான். மத்த சென்டர்லல்லாம் ஆள் வராமயே வந்ததா எழுதுவான். இங்க அந்தப் பேச்சே கிடையாது. வாசல்ல இருக்கே அந்த மெஷின், அதுல விரல வச்சாத்தான் வந்த மாதிரி. வைக்கலன்னா எதிர்ல நின்னு பேசிக்கிட்டிருந்தாலும் வராத மாதிரிதான். எனக்கு இங்க பேரே மெஷின் சாருதான். அப்பா வச்ச பேரு ஏகாம்பரம். அதச் சொல்லிக் கேட்டீங்கன்னா தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது.

நான் ஒண்ணும் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல சார். பண்ருட்டி பலா மண்டியில மூட்ட தூக்கிக்கிட்டு, இருபத்திமூணு வயசுல ராத்திரிப் பள்ளிக்கூடத்துல சேந்து பத்தாவது பாஸ் பண்ணவன். யார் தயவும் இல்ல. பலாப்பழம் எறங்குற சீசன்ல ரெண்டு மாசம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போக முடியாது. போனாலும் பெஞ்சுல தலைய வச்சுத் தூங்கிடுவேன். அருணகிரி வாத்தியாருன்னு ஒருத்தர், அவரே என் பேருக்கு ஆஜர் போட்டு வச்சுடுவாரு. "மண்டியில ஆஜரானது போதும்டா, இதுக்கு நான் போட்டுக்கறேன்"ம்பாரு. தங்கமான மனுசன். அப்பிடிக் கஷ்டப்பட்டு வந்ததாலதான் ஒழுங்குன்னா என்னான்னு எனக்குத் தெரியும். இப்ப வர்ற புள்ளைங்களுக்கு அது தெரியல.

சரி, இந்தம்மா. பேரு அஞ்சலாட்சி. அப்ப முப்பத்தெட்டு வயசு. வீட்டுக்காரரு செத்து ஆறு வருசம். ஒரே பொண்ணு, கோபிகா. அஞ்சலாட்சி வேல செய்யறது முந்திரிக் கம்பெனியில, கொட்ட உடைக்கிற வேல. உங்க பக்கம் முந்திரி கிடையாதுல்ல? கொட்டைய உடைச்சா ஓட்டுலேருந்து ஒரு பால் வரும் சார், எண்ண மாதிரி, கருப்பா. அது பட்டா தோலு வெந்துடும். சாம்பல்ல கைய முக்கி முக்கி உடைப்பாங்க, அப்பவும் விடாது. நான் மண்டியில இருந்தவன், பலாப்பாலு கையில ஒட்டும், எண்ணயத் தேச்சாப் போயிடும். இது ஒட்டாது, தின்னும். பத்து வருசம் உடைச்ச கையப் பாத்தீங்கன்னா, விரல் நுனி வழவழன்னு பொம்மைக் கை மாதிரி இருக்கும்.

இங்க நாங்க குடுக்கறது மோட்டாருக்குக் காயில் கட்டுற ட்ரெய்னிங், செப்புக் கம்பிய எண்ணி எண்ணிச் சுத்துற வேல. பொம்பளைங்களுக்கு மட்டும். அரசாங்கத் திட்டம், இலவசம், தொண்ணூறு நாளு. முடிச்சு சர்ட்டிபிகேட் வாங்கிட்டா, சிப்காட்டுல ஒரு பம்புசெட்டு கம்பெனி நேரா எடுத்துக்கறான். மாசச் சம்பளம், பி.எஃப்., வீட்டு முனைக்கே வேன் வரும். தொண்ணூறு நாள்ல எழுவத்திரெண்டு நாள் வந்திருக்கணும். அது ஒண்ணுதான் கண்டிஷன். காலையில பத்து மணிக்குள்ள விரல வைக்கணும். பத்துக்கு மேல வச்சா அர நாளு.

அஞ்சலாட்சி காலையில அஞ்சு மணிக்கே கம்பெனிக்குப் போயிடுவா. ஒம்பது மணி வரைக்கும் உடைச்சுட்டு, கையக் கழுவிட்டு, ஓட்டமும் நடையுமா இங்க வருவா. சாயங்காலம் இங்க முடிச்சுட்டு மறுபடி கம்பெனி. முத நாள் வந்து விரல வச்சா. மெஷின் இங்கிலீஷ்ல பேசும், தெரியுமில்ல? "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்"னுச்சு. மறுபடி வச்சா. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." சேலையில தொடச்சு வச்சா, தலையில தேச்சு வச்சா, நெத்தியில தேச்சு வச்சா, ஊதி வச்சா. அது பாட்டுக்கு ட்ரை அகெய்ன், ட்ரை அகெய்ன். பின்னால நின்னதுங்க எல்லாம் சிரிக்குதுங்க. அன்னிக்கே அவளுக்குப் பேரு வச்சுடுச்சுங்க. "ட்ரை அகெய்ன் அக்கா வந்துட்டாங்கடி, வழி விடுங்க." இவளும் சேந்து சிரிப்பா. கெட்டதுன்னு சொல்ல முடியாது, வெளையாட்டுதான்.

பன்னெண்டு நாள் இப்பிடியே போச்சு. தினமும் வருவா, அம்பது தடவ வைப்பா, எடுக்காது, உள்ள போயி உக்காந்து கத்துக்குவா. நான் வேணாங்கல. வகுப்புல உக்காரக் கூடாதுன்னு நான் சொன்னதே இல்ல சார். வரவுலதான் வராது.

அப்ப, காயில் கட்டச் சொல்லிக்குடுக்கற ஆரோக்கியதாஸ் வாத்தியாரு இருக்காரே, அவரு வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டாம இவகிட்ட ஒண்ணச் சொல்லிட்டாரு. நேரா என் மேசைக்கு வந்து நிக்கிறா.

"சார், மஞ்சக் கலர்ல ஒரு பட்டன் இருக்காமே."

"இருக்கு. அதுக்கென்னா?"

"ரேக தேஞ்சவங்களுக்குன்னே இருக்காமே சார். நீங்க உங்க விரல வச்சு, இவ வந்திருக்கான்னு சொன்னா ஏத்துக்குமாமே."

இருக்கறது வாஸ்தவம்தான் சார். விதிவிலக்குன்னு ஒரு பட்டன். ஒரு பேட்ச்சுக்கு மூணு பேரு வரைக்கும் போடலாம். ஆனா அதப் போட்டா, மேல ஆபீஸ்ல நம்ம சென்டர் பேருக்கு நேரா ஒரு மஞ்சக் கோடு விழும். தப்பு இல்ல, சும்மா ஒரு கோடு. அதுக்காக யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா கோடு கோடுதானே? நம்ம சென்டர்ல அதுவரைக்கும் ஒரு கோடு கிடையாது. முதலாளிகிட்ட கேட்டேன். "உன் இஷ்டம்பா, நீ பாத்துச் செய்"ன்னாரு. அவரு பெரிய மனுசன், பொறுப்ப என்கிட்டயே விட்டுட்டாரு.

நான் அவகிட்டப் பொறுமையாத்தான் சொன்னேன். "ஏம்மா, என் விரல வச்சு உனக்கு ஆஜர் போட்டா அது பொய்யாயிடாதா? நாளைக்கு நீ சம்பாதிக்கறப்ப, அது உன் சொந்த விரலால வந்ததா இருக்கணுமா வேணாமா?"

"நான் வந்திருக்கேனே சார். உங்க எதுர்லதான நிக்கிறேன்."

"எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியணுமில்ல?"

அவ தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இடது கை சுண்டுவிரல நீட்டுனா. "இது கொட்டையத் தொடாது சார். இத வச்சுப் பாருங்க." வச்சுப் பாத்தேன். மத்த ஒம்பதும் திரையில வெள்ளையாத் தெரிஞ்சுதா, இது ஒண்ணுல மட்டும் கோடு கோடா வந்துச்சு. எந்த விரல வேணும்னாலும் பதியலாம்னு விதியில இருக்கு. உடனே மாத்திப் பதிஞ்சேன். மெஷினு "தேங்க்யூ"ன்னுச்சு. அவளுக்கு வழி கண்டுபுடிச்சுக் குடுத்தது நான்தான் சார். அதாவது, விரல நீட்டுனது அவ. ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்துனது நான்.

அன்னிலேருந்து அந்த விரல அவ பாத்துக்கிட்ட மாதிரி பெத்த புள்ளையக்கூட யாரும் பாத்துக்க மாட்டாங்க. மருந்துக் கடையில போயி, குழந்தைங்க பால் குடிக்கிற பாட்டிலுக்கு ரப்பர் நிப்பிள் இருக்கே, அத வாங்கி சுண்டுவிரல்ல மாட்டி நூலால கட்டிக்கிட்டா. கொட்ட உடைக்கறப்ப அந்த விரல் மட்டும் தனியா மேல தூக்கிக்கிட்டு நிக்கும். கம்பெனியில ஒரே கேலியாம். "அஞ்சல, குழந்த எப்பப் பொறந்துச்சு? சொல்லவே இல்ல." "மகாராணி விரலத் தூக்கிக்கிட்டு உடைக்கிறாங்கடி." விரலத் தூக்கிக்கிட்டு உடைச்சா வேகம் வருமா? கிலோ கணக்குலதான் கூலி, அந்தக் கிலோ கொறைஞ்சு போச்சு. மேஸ்திரி திட்டுவானாம். வாங்கிக்கிட்டு இருப்பா. ஒம்பதே முக்காலுக்கு இங்க வந்து, நூல அவுத்து, ரப்பரக் கழட்டி, விரல வைப்பா. "தேங்க்யூ." அவளும் மெஷினுக்கு ஒரு தேங்க்யூ சொல்லிட்டு உள்ள போவா. அறுவத்தெட்டு நாள் சார், ஒரு நாள் தவறல.

வேலையில கெட்டி. அதுல மாத்துக் கருத்து கிடையாது. மேசையில இருக்கே அந்தக் காயிலு, கையில எடுத்துப் பாருங்க. பயப்படாதீங்க, ஷாக் அடிக்காது. ஒரு சுத்து மேல ஒரு சுத்து ஏறியிருக்கா? எங்கயாச்சும் கம்பி நசுங்கியிருக்கா? அது அஞ்சலாட்சி கட்டுனது. வர்றவங்களுக்குக் காட்ட அதத்தான் வச்சிருக்கோம். மத்ததுங்க எல்லாம் மீட்டரப் பாத்து சுத்து எண்ணும். இவ பேசிக்கிட்டே கட்டுவா, நிறுத்துற எடத்துல நிறுத்துவா, சரியா இருக்கும். ஆரோக்கியதாஸ் வாத்தியாரு, "இது கை இல்லைய்யா, தறி"ம்பாரு.

நடுவுல ஒரு நாள் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்தா. ஸ்கூல் லீவு போல. அப்ப பதினொண்ணு படிச்சுது. "சார், சும்மா ஒரு வெளையாட்டுக்கு, இவ விரல வச்சுப் பாக்கட்டுமா?"ன்னா. பேரு பதியாத விரலு, மெஷின் ஏத்துக்காது. ஆனா ரேக திரையில தெரியும். சரி வைம்மான்னேன். அந்தப் பொண்ணு வச்சுது. அடேங்கப்பா, உழுது போட்ட நெலம் மாதிரி அவ்ளோ தெளிவு. அஞ்சலாட்சி திரையையே பாத்துக்கிட்டு நிக்கிறா. வாயெல்லாம் பல்லு. "பாத்தீங்களா சார், பாத்தீங்களா! இது கொட்ட உடைக்காத விரலு. உடைக்க விடவும் மாட்டேன். நான் அந்த வேன்ல ஏறிட்டேன்னா, இவ காலேஜுக்குப் போவா. கம்பெனி வாசப்படிய மிதிக்கக்கூட மாட்டா." அந்தப் பொண்ணு வெக்கப்பட்டுக்கிட்டு, "வாம்மா, போதும்"னு கையப் புடிச்சு இழுக்குது. பெத்தவ மனசு, இல்லீங்களா.

எம்பதாம் நாளு. அப்பத்தான் கேடயத்துக்கு எழுதிப் போடச் சொல்லி மேலேருந்து கடுதாசி வந்துச்சு. கூட ஒரு போட்டோவும் வேணும். ட்ரெய்னிங்குக்கு முன்ன எப்பிடி இருந்தாங்க, இப்ப எப்பிடி இருக்காங்கன்னு காட்டணுமாம். யோசிச்சேன். கைரேகைக்குன்னு குடுக்கற கேடயம், அதுக்கு அஞ்சலாட்சிய விட்டா யாரு? முந்திரி உடைக்கிற மாதிரி ஒண்ணு, காயில் கட்டுற மாதிரி ஒண்ணு எடுத்துடலாம்னு காலையிலயே கம்பெனிக்குப் போனேன். அவளுக்குப் பெரும சார். மத்த பொம்பளைங்க எல்லாம் எட்டி எட்டிப் பாக்குதுங்க, "ட்ரை அகெய்ன் அக்கா, பேப்பர்ல வரப் போறியா?"ன்னு. முகத்தக் கழுவிட்டு, தலைய வாரிக்கிட்டு வந்து உக்காந்தா.

போன்ல பாக்குறேன், அந்த ரப்பர் நிப்பிள் துருத்திக்கிட்டு நிக்குது. அத எப்பிடி சார் மேல அனுப்புறது? பெரிய அதிகாரிங்க பாக்குற படம். "அதக் கழட்டிடும்மா, பாக்க நல்லா இல்ல"ன்னேன்.

"சார், விரலு..."

"அஞ்சு நிமிசம்மா. அஞ்சு நிமிசத்துல என்னா ஆயிடப் போவுது?"

கழட்டுனா. உள்ள இருட்டா இருந்துச்சு, வெளியில வெயில்ல வந்து உக்காரச் சொன்னேன். உடைக்கிற மாதிரி சும்மா நடின்னா அவளுக்கு நடிக்க வரல. நெசமாவே உடைன்னேன். விரலத் தூக்காத, எல்லா விரலையும் சேத்துப் புடி, அப்பத்தான் படத்துல இயல்பா இருக்கும்னு சொல்லிக் குடுத்தேன். அஞ்சு நிமிசந்தான். பதினாலு படம். ஒரு கூடை கொட்ட காலியாச்சு, அவ்ளோதான். அந்தக் கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம். பாருங்களேன், இவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்தும் கேமராவப் பாக்க மாட்டேங்குது.

அடுத்த மூணு நாளு ஒழுங்கா எடுத்துச்சு. எழுவத்தொண்ணு ஆச்சு. இன்னும் ஒரே ஒரு நாள் வேணும், கையில ஏழு நாள் இருக்கு. எம்பத்திநாலாம் நாள் காலையில வந்து வைக்கிறா. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." ரப்பரக் கழட்டிப் பாத்தா, நுனியில தோலு உரிஞ்சு செவசெவன்னு இருக்கு. ஏன் அப்பிடி ஆச்சுன்னு எனக்கும் புரியல. ரப்பருக்குள்ளயே இருந்து வேர்த்துப் போயிருக்கும்னு நெனைக்கிறேன். காத்துப் படாம வச்சா எதுவும் கெட்டுப் போகுமில்ல. அதையும் அவகிட்டச் சொன்னேன். என் முகத்தையே பாத்தா. "ஆமா சார்"னா.

தேங்காண்ணெ போட்டா. வெண்ண போட்டா. வாழப்பழத் தோல வச்சுக் கட்டுனா. கம்பெனிக்கும் போவல. அந்த வாரம் வீட்டுல அடுப்பு எரிஞ்சுதா இல்லையான்னு தெரியாது. நாம கேக்கலாமா, அவங்க குடும்ப விசயம். தினமும் காலையில எட்டு மணிக்கே வாசல்ல வந்து உக்காந்துக்குவா. வைப்பா, ட்ரை அகெய்ன். வைப்பா, ட்ரை அகெய்ன். மத்ததுங்க அப்ப கேலி பண்றத நிறுத்திடுச்சுங்க. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. வாசல்ல கொஞ்சம் கலகலப்பு இருந்தா நல்லாருக்கும். ஆரோக்கியதாஸ் வாத்தியாரு என்கிட்ட வந்து, "ஏகாம்பரம், ஒரே ஒரு நாளு. பட்டனத் தட்டுய்யா, உன் கையா தேஞ்சிடும்?"னு கேட்டாரு. கேடயத்துக்கு எழுதிப் போட்டிருக்கற நேரம், கோடு விழலாமா? நீங்களே சொல்லுங்க. நான் சொல்லிட்டேன், "வாத்தியாரே, நீங்க காயிலப் பாருங்க, நான் மெஷினப் பாக்குறேன்." அன்னிலேருந்து அவரு என்கூட டீ குடிக்க வர்றதில்ல. அவரு டீக்குச் சேத்து நான் குடிச்சுக்கறேன்.

ஆறு நாள் போச்சு. தொண்ணூறாம் நாளு, கடைசி நாளு. தோலு லேசாச் சேந்திருந்துச்சு. வச்சு வச்சுப் பாக்குறா. ஒரு தடவ திரையில பாதி ரேக வந்துச்சு. இன்னொரு தடவ முக்கால்வாசி வந்துச்சு. மணி ஒம்பது அம்பத்தி மூணு. பின்னால பதினெட்டுப் பேரு நிக்கிறாங்க. "தள்ளிக்கம்மா, உன் ஒருத்திக்காக அவங்களுக்கு எல்லாம் அர நாள் போயிடும்"னேன். நியாயந்தானே சார்? "ஒரே ஒரு தடவ சார்"னா. "எல்லாரும் வச்சதுக்கப்புறம் வைம்மா." தள்ளி நின்னா. பதினெட்டுப் பேரும் ஒவ்வொருத்தரா வச்சாங்க. அவசரத்துல ஒண்ணு தப்பு விரல வச்சுது, ஒண்ணு மருதாணி விரல வச்சுது. முடியறப்ப பத்து தாண்டி ஒரு நிமிசம். அஞ்சலாட்சி வந்து விரல நெஞ்சுல ஒரு தடவ வச்சுக்கிட்டு, மெஷின்ல வச்சா.

"தேங்க்யூ."

அவ்ளோதான் சார், வாசலே அமக்களப்பட்டுப் போச்சு. பொம்பளைங்க எல்லாம் கத்துதுங்க, கட்டிக்குதுங்க. கேலி பண்ண அதே புள்ளைங்க அவளத் தூக்காத குறை. எதிர்க் கடைக்கு ஓடிப் போயி கடல மிட்டாய் வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் குடுத்தா. எனக்கு ரெண்டு. "நீங்க இல்லன்னா இல்ல சார்"னு கைய எடுத்துக் கும்புட்டா. எனக்குத் தெரியும், பத்து தாண்டிடுச்சு, அது அர நாளுதான், எழுவத்தொண்ணரைன்னு. ஆனா அவ்ளோ சந்தோசத்துல இருக்கறப்ப சொல்லிக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். நமக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல. மிட்டாய் நல்லாத்தான் இருந்துச்சு.

பரிச்சையும் எழுதுனா. செய்முறைக்கு மெட்ராஸ்லேருந்து வந்த ஆளு அவ கட்டுன காயில எடுத்துப் பாத்துட்டு, "இவங்க இங்க சொல்லிக் குடுக்கறவங்களா?"ன்னு கேட்டான். எட்டு நாள் கழிச்சு லிஸ்ட் வந்துச்சு. அவ பேரு இல்ல. கம்ப்யூட்டரு அரையத் தூக்கி ஒண்ணா ஆக்காது.

வந்தா. இதோ நீங்க உக்காந்திருக்கற நாற்காலிக்குப் பக்கத்துல நின்னா. உக்காருன்னு சொன்னேன், உக்காரல.

"சார், அன்னிக்குத் தேங்க்யூ சொல்லிச்சே சார்."

"அது எல்லாருக்கும் சொல்லும்மா. லேட்டா வந்தாலும் தேங்க்யூதான் சொல்லும். மரியாதைக்கு."

"எல்லாரும் கேட்டாங்களே சார். நீங்களும் கேட்டீங்களே."

"கேட்டேன். நல்லாத்தான் சொல்லிச்சு."

அவ அழல. அழுதிருந்தா எனக்கும் ஒரு ஆறுதல் வார்த்த சொல்ல வசதியா இருந்திருக்கும். "அடுத்த பேட்ச்ல சேரலாமா சார்?"னா. ஒரு தடவ பேரு ஏறிட்டா மூணு வருசத்துக்கு மறுபடி ஏறாது, ஆதார் பூட்டிக்கும். அதையும் சொன்னேன். எதையும் மறைக்கறது எனக்குப் புடிக்காது. போறப்ப வெறுங்கையோட அனுப்ப மனசு வரல, இந்தப் போட்டோவுல ஒரு காப்பி குடுத்தேன். கண்ணாடி இல்லாமதான். வாங்கி, அதுல அந்த விரலக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தா. "இது நல்லா இருந்தப்ப எடுத்தது"ன்னா. என்ன சொல்ல வந்தான்னு இன்னும் எனக்கு வெளங்கல.

அந்த மாசமே நமக்குக் கேடயம் வந்துச்சு. அமைச்சர் கையால குடுக்கறதா இருந்தது, தபால்லதான் வந்துச்சு. பரவால்ல.

இப்பவா? கம்பெனிக்குத்தான் போறா. ரப்பரெல்லாம் இல்ல, பத்து விரலாலயும் உடைக்கிறா, கிலோ ஏறிடுச்சு. மேஸ்திரிக்கு சந்தோசம். காலையில அவ நடந்து போற ரோட்டுலதான் அந்தப் பம்புசெட்டு கம்பெனி வேனும் வரும். கூடப் படிச்சதுங்க ஜன்னல்லேருந்து கை ஆட்டுதுங்களாம். இவளும் ஆட்டுவாளாம். ஆரோக்கியதாஸ் வாத்தியாரு சொன்னாரு. என்கிட்ட இல்ல, பக்கத்துல இருந்த ஆள்கிட்ட என் காதுல விழற மாதிரி.

நான் பழச மனசுல வச்சுக்கறவன் இல்ல சார். அவ பொண்ணு கோபிகா பன்னெண்டாவது முடிச்சுட்டு இந்த பேட்ச்ல பேரு குடுத்திருக்கு. காலேஜுக்குப் போவலையாம், என்னா காரணமோ. நானே கூப்புட்டுச் சேத்தேன். இன்னிக்குத்தான் முத நாளு. இதோ வெளியில வரிசையில நிக்குது பாருங்க, பச்ச சுடிதாரு. அதுக்கு ஒரு தொந்தரவும் வராது. அந்த விரல நானே என் கண்ணால பாத்திருக்கேன், உழுது போட்ட நெலம் மாதிரி. அம்மாவுக்குக் கெடைக்காதது பொண்ணுக்குக் கெடைக்கட்டும். நீங்க சென்டர் ஆரம்பிச்சாலும் முதல்ல நல்ல மெஷினா வாங்கிப் போடுங்க. நல்ல மெஷின் இருந்தாப் போதும், எல்லாம் தானா ஒழுங்காயிடும். ஆளு மூஞ்சப் பாத்து எழுதுற பழைய காலம் இருக்கே, அது...

என்னாம்மா? யாரு கூப்புடறது?

எடுக்கலையா? யாருக்கு? உனக்கா கோபிகா? சரியா வைம்மா, பதறாத. தலையில தேச்சு வை. ஒண்ணுமில்ல சார், சின்னப் பொண்ணு, காலையில தண்ணியில கைய வச்சிட்டு வந்திருக்கும். முந்திரிக் கம்பெனி சாம்பலா? அது எப்பிடிம்மா உன் கையில? சரி சரி, அப்புறம் பேசிக்கலாம், மணி ஒம்பது அம்பது ஆச்சு. வேற விரல வச்சுப் பாரு.

பத்தும் வச்சுப் பாத்துட்டியா?

சுண்டுவிரலு?

அதுவுமா?

சரி இரு, வர்றேன். நீங்க உக்காருங்க சார், அந்தக் காயிலப் பாத்துக்கிட்டிருங்க. இதோ வந்துட்டேன்.